பதினாலு மில்லிமீட்டரும் ஒரு வஞ்சிர மீனும்

1

இத எய்துறது நான் இல்ல. சொல்றதுதான் நான். எனக்கு எயுத்து தெரியாது, கைநாட்டு. நான் சொல்ல சொல்ல, எதுக்க நாற்காலில குந்திகினு எய்துறவ என் சம்பந்தி கிரேஸ் டீச்சரு. சேலையூர் பக்கத்துல ஒரு இஸ்கூல்ல ரிட்டேரு ஆவற வரைக்கும் தமிழ் சொல்லிக் குடுத்தவ. என் பொண்ணு செல்வியோட மாமியாரு. செல்விக்கு எய்தத் தெரியும், நேரம் இல்ல. மருமவன் சாமுவேலு எய்துனா அவனாலயே திருப்பிப் படிக்க முடியாது. பேத்தி ஷெரினு பதினோரு வயசுப் பொண்ணு, தமிழ் எயுத்தப் பாத்துட்டு ஜிலேபின்றா. அதனால இந்த வூட்ல எனக்கு ஆவாத ஒரே பொம்பளதான் எனக்குப் பேனா புடிக்கிறா.

ஆமா, எனக்கும் அவளுக்கும் ஆவாது. இத மொதல்லயே எய்து டீச்சரு. எய்திட்டியா? "எழுதியாச்சு"ன்றா. மூஞ்சிய நீங்க பாக்கணுமே, வெளக்கெண்ண குடிச்ச மாதிரி கீது. எனக்கு குஷி தாங்கல.

ஏன் எய்துறான்னு கேப்பீங்க. தாம்பரத்துல வாராவாரம் வூட்டு வாசல்ல ஓசிப் பேப்பரு ஒண்ணு வுட்டெறிவானே, அதுல, வெளிநாட்டுல குடியிருக்குற நம்ம ஏரியா ஜனங்க அனுபவத்த எய்தி அனுப்புங்கன்னு போட்டானாம். அஸ்தினாபுரத்துல கீற என் புள்ள ஏயுமலை போன்ல படிச்சு சொன்னான். நான் அமெரிக்காவுக்கு வந்து இந்த மாசத்தோட அஞ்சு வருசம் முடியுது. செல்வி ஒடனே, "அம்மா சொல்லட்டும், அத்த எய்தட்டும். தெனிக்கும் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல கத்தாம குந்துனா உங்க ரெண்டு பேரு இதயத்துக்கும் நல்லது"ன்னுட்டா. அந்த இதயக் கதைக்கு அப்பால வர்றேன்.

டீச்சரு ஒத்துக்கினா, ஒரு கண்டிசனு: தப்பு தப்பா எய்த மாட்டேன்னா. நானும் ஒரு கண்டிசனு போட்டேன்: என் வாயில வர்றதுல ஒரு புள்ளி மாறக் கூடாது. என் கண்டிசனுதான் ஜெயிச்சிது.

(சொல்லப்படுவது சொல்லப்பட்டபடியே எழுதப்படுகிறது. பிழைகளுக்கு நான் பொறுப்பல்ல. – எழுதுபவர்.)

இன்னா நான் வாய மூடுன பின்னாடியும் எய்திகினே கீற? சரி. ஜனங்களே, விசயம் இதான். வர்ற வியாயக்கெயமை டீச்சரு பிளேனு ஏறுறா, சேலையூருக்குப் போறா. அவ போறதுக்குள்ள அவ கையாலயே ஒரு வரி எய்தி வாங்கணும். "இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்ன என் வூட்டு வாசலுக்கு கன்னியம்மா கொண்டாந்த வஞ்சிரம் நல்ல மீனு." கன்னியம்மா நான்தான். அவ்ளோதான். அந்த வரி இந்தப் பேப்பர்ல வந்து அந்தத் தெரு ஜனமெல்லாம் படிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்.

2

இந்த ஊருக்கு ஒஹாயோன்னு பேரு. ஆறு மாசம் பனி. மீதி ஆறு மாசம், பனி எப்ப வரும்னு பேச்சு. காலைல எல்லாரும் பூட்டா வூட்ல நானு, டீச்சரு, ஒரு டிவி. தெருவுல மனுச வாடையே கெடையாது. கூவி விக்க ஒருத்தர் இல்ல. ஒரு நாளு தொண்ட இன்னும் கீதா பாப்போம்னு வாசக் கதவத் தொறந்து "மீனேய்ய்ய்"னு ஒரு கொரலு வுட்டேன். எதுருவூட்டு நாயி கொலச்சிது. அந்த வூட்டுக்காரன் ஜன்னல சாத்துனான். சோபாவுலேர்ந்து டீச்சரு, "சம்பந்தி, நீங்க உள்ள வர்றீங்களா? இது சேலையூர் இல்ல"ன்னா.

அந்த 'நீங்க'வ கவனிங்க. நான் மீனு கூடை தூக்குன காலத்துல 'ஏய் மீன்காரம்மா, வா, போ'. சம்பந்தி ஆன நாள்லேர்ந்து 'நீங்க'. அந்த 'நீங்க'வுல ஐஸ் கட்டி போட்டுதான் நீட்டுவா. நான் இன்னிக்கும் அவள நீ வா போதான். அதுல ஐசும் இல்ல, நெருப்பும் இல்ல. பயக்கம்.

இங்க மீன் கடைய கேளுங்க. தல இல்லாத மீனு, தோலு இல்லாத மீனு, பேரு ஒட்டுன டப்பால தூங்குது. ஷெரினுக்கு மீனுக்குக் கண்ணு கீதுன்றதே தெரியாது. பிரெட் தூளு பெரட்டி குச்சி மாதிரி வர்றதுதான் அவளுக்கு மீனு. நான் கருவாடு சுட்டா மூக்கப் புடிச்சிகினு "ஆயா, ப்ளீஸ்"னு மாடிக்கு ஓடுது. என் ரத்தம்! மூணு மாசம் முன்ன கடைல ஒரே ஒரு மீனு தலையோட படுத்திருந்திச்சு. பாத்ததும் எனக்கு சொந்தக்காரங்களப் பாத்த மாதிரி. செவுளத் தூக்கி செவப்பு கீதான்னு பாத்தேன். வெள்ள குல்லா போட்டவன் "மேம்! மேம்!"னு பாஞ்சு வர்றான், நான் அவன் புள்ளயக் கிள்ளிட்ட மாதிரி. பக்கத்துல நின்ன டீச்சரு "சாரி, சாரி, வெரி சாரி"ன்னு நாலு தபா குனிஞ்சு நிமுந்தா.

எனக்காக மன்னிப்பு கேக்க இவ யாரு? என்கிட்ட கேக்க வேண்டியத இருவத்திரெண்டு வருசமா கேக்காதவ, எவனோ குல்லாக்காரன்கிட்ட எனக்காகக் கேக்குறா. எய்து, எய்து. மொறைக்காத.

கார்டு கதைய சொல்லாம வுட்டா எனக்கு சோறு எறங்காது. இங்க நெரந்தரமா குந்தணும்னா ஆபீசுக்குப் போயி கண்ணாடி மேல வெரல வெக்கணும். நான் வெச்சேன். மிசினு இந்தக் கெயவிக்கு ரேகையே இல்லன்னிச்சு. பத்து வெரலும் தேஞ்சு வயவயன்னு கீது. செதிளு சுரண்டி, ஐசுல வெறச்சு, உப்புல ஊறி எப்பவோ பூட்ச்சி. மூணு தபா போனோம். அந்த ஆபீசரம்மா தன் கிரீம எடுத்து என் வெரலுல தடவித் தடவிப் பாத்தா. கடசில ரேகை இல்லாத பொம்பளன்னு எய்தியே கார்டு குடுத்துட்டாங்க.

டீச்சரு எம்மே, பீயெட்டு. ஆறு மாசத்துக்கு வந்தா. இன்னும் ஆறு மாசம் குடுங்கன்னு நாலு பக்கம் இங்கிலீசுல லெட்டரு போட்டா. அப்புடி ஒரு லெட்டர அந்த ஆபீசு பாத்தே இருக்காதுன்னு சாமுவேலே சொன்னான். பதிலு ஒரே வரி. முடியாது. எனக்கு வெரலுல ரேகை இல்ல, கார்டு கீது. அவளுக்கு பத்து வெரலும் பளிச்சுனு கீது, கூடவே ரிட்டன் டிக்கெட்டும் கீது. அன்னிக்கு நான் கேசரி கிண்டுனேன். எதுக்குன்னு யாரும் கேக்கல.

போன ஞாயித்துக்கெயமை ஏயுமலை போனு பண்ணான். எங்க குப்பத்துல, கோவளத்துக்கு இந்தாண்ட, பெரிய மேஸ்திரி தவறிட்டாரு. "மரமெல்லாம் மணல்ல ஏத்திட்டாங்கம்மா"ன்னான். கேட்டதும் எனக்கு கண்ணுல தண்ணி, அதோட பெருமையும் வந்துட்ச்சி. டீச்சரப் பாத்து சொன்னேன்: "பாத்தியா? எங்க குப்பத்துல ஒரு உசுரு போனா எடுக்குற வரைக்கும் ஒரு கட்டுமரம் கடலுல எறங்காது. வேற குப்பத்து மீனக் கூட நாங்க தொட மாட்டோம். இன்னிக்கு நாவலூர்ல கண்ணாடி கண்ணாடியா பில்டிங் வந்துட்ச்சி, அந்த ஒயுங்கு மட்டும் மாறல. உங்க தெருவுல பத்து மாஸ்டரு கீறீங்க. போஸ்ட்மாஸ்டரு செத்த அன்னிக்கு எதுருவூட்ல காது குத்துன்னு ரேடியோ செட்டு போட்டாங்களே, அதான உங்க படிப்பு?"

டீச்சரு ஒண்ணும் பேசல. அவ பேசலன்னா எங்கியோ எய்தி வெச்சுக்கறான்னு அர்த்தம். அது எனக்கு அப்ப தோணல.

3

இப்ப அந்த ஞாயித்துக்கெயமை.

செல்வி அப்ப பத்தாங் கிளாசு. நான் விடியக்காலைல கரையில ஏலம் எடுத்து, கேளம்பாக்கத்துலேர்ந்து பஸ்சுல தாம்பரம் வந்து, சேலையூர் உள்ளாற தெருத்தெருவா விப்பேன். கண்டக்டரு பின் சீட்டுக்குப் பின்னாடி, டயரு பக்கத்துல எங்கள குந்த வெப்பான். டீச்சரு தெருவுல எல்லாம் ஆபீசுக்காரங்க, மாஸ்டருங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நல்லா வாங்குவாங்க. இவ ஒருத்திதான் கஷ்டம். கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, மீனோட கண்ணத் தொட்டுப் பாப்பா, செவுளத் தூக்குவா, வயித்த அமுக்குவா, மோந்து பாப்பா. "இன்னா டீச்சரம்மா, மீனுக்குப் பரிச்ச வெக்கிறியா? பாசா பெயிலா சொல்லும்மா"ன்னா, சிரிக்கக் கூட மாட்டா.

அந்த வாரம் அவ நாத்தனார பொண்ணு பாக்க வர்றாங்கன்னு முயு வஞ்சிரம் சொல்லி வெச்சா. ஞாயித்துக்கெயமை சர்ச்சு முடிஞ்சு வருவாங்க, ஒன்பது மணிக்குள்ள மீனு வரணும். "வருதும்மா, என் வாக்கு"ன்னேன். வந்துச்சு. காலைல வலையில துள்ளுன மீனு, கை நீளம் கீது, வெள்ளிப் பாத்திரம் மாதிரி. வாசல்ல எறக்குனேன். வெள்ளக் காரு ஒண்ணு வந்து நின்னு, மாப்ள வூட்டுக்காரங்க அப்பதான் எறங்குறாங்க. சீக்கிரமே வந்துட்டாங்க போல.

டீச்சரு வெரல வயித்துல வெச்சு அமுக்குனா. குயி வுயுந்திச்சு. எயும்பல.

"நேத்து மீனு."

"இல்ல டீச்சரம்மா, காலைல வலையில துள்ளுனது. புள்ளைங்க மேல சத்தியம்."

"எனக்கே பாடம் நடத்துறியா? வந்தவங்க முன்னாடி இதைக் கொண்டு வந்து வெக்கிறியே, வெக்கமா இல்ல?"

வாலப் புடிச்சா. தெருவுல வுட்டெறிஞ்சா. பளார்னு ஒரு சத்தம். இன்னிக்கும் ஷெரினு பாத்ரூமு கதவ ஓங்கி சாத்துனா எனக்கு அந்த சத்தம்தான் கேக்கும். கார்லேர்ந்து எறங்குன பொம்பளைங்க புடவையத் தூக்கிகினு தாண்டுனாங்க. எதுருவூட்டம்மா, பக்கத்துவூட்டம்மா, காம்பவுண்டுக்கு மேல எல்லா தலையும் பாக்குது. நான் குந்தி அந்த மீன எடுத்து, முந்தானையால மண்ணத் தொடச்சு, கூடைல வெச்சு, சும்மாட்டு மேல தூக்கிகினு போயிட்டேன். அன்னிலேர்ந்து அந்தத் தெருவுல அஞ்சு வூடு எங்கிட்ட வாங்கறத நிறுத்திட்ச்சி. நானும் அந்தத் தெருவ வுட்டுட்டு அஸ்தினாபுரம் பக்கம் திருப்பிக்கினேன்.

அந்த வூட்டுக்கே என் பொண்ணு மருமவளா போனா பாருங்க! காலேஜில அவளும் சாமுவேலும் ஒரே கிளாசு. விசயம் தெரிஞ்ச அன்னிக்கு டீச்சரு மயக்கம் போட்டு வுயுந்தாளாம். அத சொல்லச் சொல்லி செல்விகிட்ட எத்தினி தபா கேட்டிருப்பேன். கல்யாணச் சாப்பாட்டுல அவ எங்க ஜனத்துக்கு மட்டன் போட்டா, கோயி போட்டா. மீனு ஒரு முள்ளு கூட எலைல வுயல. குப்பத்துலேர்ந்து எரநூறு பேரு வந்திருந்தாங்க, அத்தினி பேரும் கவனிச்சாங்க.

4

இப்ப இதயம்.

ரெண்டு வருசம் முன்ன மாடிப்படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்குச்சு. டாக்டருகிட்ட இட்டுகினு போனாங்க. நெஞ்சுல கொயகொயன்னு எதையோ தடவி, ஒரு கட்டைய வெச்சுத் தேய்ச்சான். டிவில என் இதயம், வலையில மாட்டுன மீனோட வாயி மாதிரி தொறந்து தொறந்து மூடுது. செல்வி மூஞ்சி சுருங்கிட்ச்சி. "அம்மா, இதயத்தோட செவுரு தடிச்சிருக்கும்மா. பத்துக்குள்ள இருக்கணும், உனக்கு பதினாலு மில்லிமீட்டரு."

என் பொண்ணு வேலையே அதான். சின்ன எலிக் குட்டியோட இதயத்துலேர்ந்து செல்லு செல்லா பிரிச்சு கண்ணாடித் தட்டுல வளக்குறா. ஒரு நாளு என்ன இட்டுகினு போயி பெருசாக் காட்டுற கொயலு வயியா காட்டுனா. தட்டுல ஒண்ணொண்ணும் தனியா கெடந்து துடிக்குது! ஆளு இல்ல, நெஞ்சு இல்ல, துடிக்குது மட்டும். எனக்கு சிரிப்பு வந்துட்ச்சி. அப்பால அவ சொன்னா: நமக்கு கோவமோ பயமோ வந்தா, கிட்னி மேல குல்லா மாதிரி ஒண்ணு குந்திகினு கீதாம், அதுலேர்ந்து ஒரு சரக்கு ரத்தத்துல எறங்குதாம். அட்ரினலினு. நரம்பு நுனிலேர்ந்தும் அதுக்கு அண்ணந்தம்பி ஒண்ணு வருதாம். அந்த சரக்க இவ தட்டுல ஒரு சொட்டு வுட்டா, செல்லு நெறைய புரோட்டீனு செய்ய ஆரம்பிக்குது. ரெண்டு நாள்ல ஊதிப் பெருசாயிடுது.

நான் எப்புடி புரிஞ்சிக்கினேன்னா, கரையில ஒருத்தன் "மீனு வருது, மீனு வருது"ன்னு கத்துறான். கேட்டவன் ஒடனே வலை பின்ன ஆரம்பிக்கிறான். ஒரு தபா கத்துனா நல்லதுதான், பின்ன வலை ஒதவும். ஆனா இவன் வருசக் கணக்கா நிறுத்தாம கத்துனா? அவனும் வலை மேல வலை பின்னிகினே கீறான். மரம் முயுக்க வலை. அப்பால அத்தினி கனத்தோட அந்த மரம் அலையில ஏறுமா? அதான் என் மூச்சு.

செல்வி, "சரியா சொல்லிட்டம்மா"ன்னா. நான் கையத் தட்டுனேன். "அப்ப என் இதயம் தடிச்சது கோவத்தாலதான? கோவம் யாராலன்னு சர்டிபிகேட்டு எய்திக் குடு!"

"ஐயோ அம்மா, கோவம் மட்டும் இல்ல. பிரஷரு, உப்பு, வயசு எல்லாம் சேந்து."

"உப்ப வுடு. கத்துனவ யாருன்னு சொல்லு."

டீச்சரு வந்த மொத வாரமே இத அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன். "என் நெஞ்சுல நீ நாலு மில்லிமீட்டரு ஏத்தி வெச்சிருக்கே. மிசினே சொல்லுது." அவ அசரல. "கருவாடு ஏத்தினது நாலு மில்லிமீட்டர்"னா. அதோட வுட்டாளா? உள்ள போயி பெட்டியத் தொறந்து ஒரு கவர எடுத்தாந்தா. தாம்பரத்துல வர்றதுக்கு முன்ன எடுத்த ரிப்போட்டு. "எனக்கும் தடிச்சிருக்கு. பதிமூணு."

"என்ன வுட ஒண்ணு கம்மிதான்!"

(பதிமூன்றரை. – எழுதுபவர்.)

"உங்களை நம்பி மீன் சொன்னேன். வந்தவங்களுக்குக் கடைசில முட்டைக் குழம்பு வெச்சேன். அவங்க அதைச் சொல்லிச் சொல்லியே போனாங்க. அந்த இடம் அமையலை. என் நாத்தனார் சாகிற வரைக்கும் என்னைக் குத்திக்கிட்டே இருந்தா. என் இதயத்தைத் தடிக்க வெச்சது யாரு, சம்பந்தி?"

அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் பதினாலு, பதிமூணுன்னு மாத்தி மாத்தி சொல்லிக்குவோம். ஷெரினு எங்கள என்னமோ இங்கிலீசுல சொல்லி சிரிச்சிது. செல்விக்கு சிரிப்பு வரல. "ரெண்டு பேரும் தட்டுல சொட்டு வுட்டுகினே கீறீங்க"ன்னு கத்திட்டு வேலைக்குப் போனா. அவ இதயம் எத்தினியோ.

ஆனா எனக்கு ஒரு விசயம் கெடச்சிது. வலையில ரொம்ப நேரம் மல்லாடி செத்த மீனு சீக்கிரம் சொத சொதன்னு பூடும். கரையில எந்தப் பொம்பளையும் சொல்லுவா. ஒரே அடில செத்த மீனு மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி கீது. செல்விய கேட்டேன்: "மீனும் பயந்து மல்லாடுனா அந்த சரக்கு வருமா?" "வரும்மா, அதுக்கும் அதேதான் சுரக்கும். சதை கெடுறது வேற வயி, ஆனா ஆரம்பம் ஒண்ணுதான்." அவ்ளோதான்! அப்ப அன்னிக்கு என் வஞ்சிரம் மெத்துனு இருந்தது நேத்து மீனுன்றதால இல்ல. காலைல வலையில மல்லாடுன மீனு அது. டீச்சரு அமுக்குனது பொணத்த இல்ல, கோவத்த. ஒரு மீனோட கோவத்தக் கூட படிக்கத் தெரியாதவ எம்மே.

ஆறு மாசமா இத அவகிட்ட நூறு தபா சொல்லிட்டேன். "இருக்கலாம்"னு கூட சொல்ல மாட்டேன்றா.

5

இப்ப எய்திகினு கீறது இன்னிக்கு, பொதங்கெயமை. இந்த டேபிளு. வெளிய பனி. அவ பெட்டிய கட்டி வாசல்ல வெச்சாச்சு. இந்தத் தாள அவதான் கொண்டுபோயி பேப்பருகாரன்கிட்ட குடுக்கப் போறா. நடுவுல கிய்ச்சிப் போட்டா தெரியும், ஏயுமலை படிச்சு சொல்லுவான்.

"சரி டீச்சரு. இப்ப அந்த வரிய எய்து. கன்னியம்மா கொண்டாந்தது நல்ல மீனு."

"நான் அப்படி நினைக்கலையே."

"நெனைக்க வாணாம், எய்து."

"பொய் எழுத மாட்டேன், சம்பந்தி."

எனக்கு தலைக்கு ஏறிட்ச்சி. யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தத எடுத்து வுட்டேன். "பொய்யா? அன்னிக்கு நான் எப்புடி வந்தேன் தெரியுமா உனக்கு? எங்க குப்பத்துத் தலைவரு நாட்டாரோட அம்மா சனிக்கெயமை மத்தியானம் பூட்ச்சி. ஞாயித்துக்கெயமை காலைல பொணம் இன்னும் வாசல்ல கீது, பற அடிச்சிகினு கீறான், பொம்பளைங்க எல்லாம் மாரடிச்சிகினு குந்தியிருக்காங்க. டீச்சரம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேனேன்னு நான் பின்வாசல் வயியா கூடைய எடுத்துகினு வந்தேன். பொணம் எடுக்குறதுக்கு முன்ன தெருவ வுட்டுப் போனவன்னு ஒரு வருசம் எங்க குப்பத்துல யாரும் எங்கூட பேசல. அப்பேர்ப்பட்ட நாள்ல நீ என் மீன தெருவுல எறிஞ்ச. இத எய்து. ஒரு வார்த்த வுடாம எய்து!"

எய்துனா. அந்த எய்துற சத்தம் கேட்டுகினே இருந்திச்சு. திடீர்னு நின்னுட்ச்சி.

பேனாவுக்கு மூடி போட்டா. கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்குனா. மீனப் பாப்பாளே, அதே பார்வ.

"சம்பந்தி, யாராவது செத்தா எடுக்கிற வரைக்கும் கட்டுமரம் இறங்காதுன்னு போன வாரம் சொன்னீங்க இல்ல?"

"ஆமா சொன்னேன். எங்க ஒயுங்கு அது."

"வேற குப்பத்து மீனையும் தொட மாட்டீங்க."

"சத்தியமா தொட மாட்டோம்."

"சனிக்கிழமை மத்தியானம் சாவு. ஞாயித்துக்கிழமை காலைல இன்னும் எடுக்கலை. அப்போ ஞாயித்துக்கிழமை காலைல வலையில துள்ளின மீன் எது?"

நான் வெரலு வுட்டு சனி, ஞாயிறுன்னு எண்ணிப் பாத்தேன்.

சனிக்கெயமை காலைல ஏலத்துல எடுத்தேன். இப்ப கண்ணு முன்ன நிக்குது. நல்ல பெரிய மீனு, டீச்சரம்மாவுக்குன்னு தனியா எடுத்து, ஐசு போட்டு உமி கொட்டி சாக்கு மூடி வெச்சேன். சாயங்காலம் ஐசு மாத்தணும். மத்தியானம் சாவு வுயுந்திச்சு. நான் ஓடிட்டேன், ராவெல்லாம் ஒப்பாரி. ஐசு மாத்தல. ஞாயித்துக்கெயமை அவசரத்துல சாக்கோட தூக்கிகினு பஸ்சு ஏறுனேன்.

இருவத்திரெண்டு வருசமா ரெண்டு கதையும் எங்கிட்ட கீது. சாவு வூட்ட வுட்டு வந்தேன்னு ஒண்ணு. காலைல புடிச்ச மீனுன்னு ஒண்ணு. ரெண்டும் நெசம்னு நெனச்சிகினு தனித்தனியா அடுக்கி வெச்சிருந்தேன். ரெண்டையும் ஒரே டேபிள்ல இன்னிக்குதான் வெச்சேன், அதுவும் இவ முன்னாடி.

அவ சிரிச்சிருந்தா நான் டேபிள் மேல கீற சொம்பத் தூக்கி அடிச்சிருப்பேன். சிரிக்கல. பேனா மூடியக் கயட்டி, "என்ன எழுதட்டும்?"னா. நெஞ்சு திக்கு திக்குன்னு அடிக்குது. உள்ள வலை பின்றான், பின்றான்.

6

எய்து. நேத்து மீனுதான்.

<u>அன்னிக்கு நான் கொண்டாந்தது நேத்து மீனு.</u>

மடமடன்னு எய்திட்டா. அடில கோடு வேற இயுத்தா. எயுத்து தெரியாதே ஒயிய கோடு தெரியும் எனக்கு. எவ்ளோ ஆசையா இயுக்குறா பாரு, அளவுகோலு வெச்சு. இருவத்திரெண்டு வருசம் காத்திருந்த கோடு அது.

நிறுத்தாத. இன்னும் கீது.

மீனு நேத்தியது, அது என் தப்பு. ஐசு மாத்தல, அதுவும் என் தப்பு. பொய் சத்தியம் பண்ணேன், புள்ளைங்க மேல, தெனிக்கும் விக்கிற வாயி பயக்கத்துல வந்துட்ச்சி, அப்பால சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன், அதையும் எய்து. ஆனா நீ என் காதுல சொல்லியிருக்கலாம், டீச்சரு. "கன்னியம்மா, இது வாணாம், எடுத்துகினு போ"ன்னு என் கைல குடுத்திருந்தா தலையக் குனிஞ்சிகினு போயிருப்பேன். உன் ஒரு வூடு வாங்கறத நிறுத்தியிருக்கும், அஞ்சு வூடு நிறுத்தியிருக்காது. இத்தினி வருசம் என் நெஞ்சுல கத்திகினே இருந்தது மீனு இல்ல, நீ எறிஞ்ச சத்தம். அந்தப் பளார்! அதுக்கு நீ இன்னா எய்தப் போற? என் வாயால இல்ல, உன் வாயால எய்து.

எய்தல. ஜன்னலப் பாத்துகினு கீறா.

செல்விய ஒரு நாளு கேட்டிருந்தேன், அந்த சரக்க கயுவிட்டா தட்டுல கீற செல்லு திரும்ப எளைக்குமான்னு. "ரொம்ப நாளு ஊறலன்னா எளைக்கும்மா"ன்னா. இருவத்திரெண்டு வருசம் ஊறுனா? அதுக்கு அவ மாத்திரையத்தான் எடுத்துக் குடுத்தா. அதனால என் பதினாலு பதினாலாவே கெடக்கட்டும், எனக்கு அது பயகிட்ச்சி. நான் இவள மன்னிக்கவும் இல்ல. நாளைக்கு இவ சுடுற தோசைய நான் துன்னப் போறதும் இல்ல. ஏர்போட்டுக்கும் வர மாட்டேன். பேத்தி கூட குச்சி மீனு பாத்துகினு வூட்லயே குந்தியிருப்பேன்.

ஐய, எய்துறாளே! தாளத் தன் பக்கம் இயுத்து, எடது கையால மறைச்சிகினு எய்துறா, பரிச்சைல பக்கத்துப் புள்ள காப்பியடிக்கும்னு மறைக்குமே அந்த மாதிரி.

"இன்னா எய்துற?"

"நீங்க சொன்னதைத்தான்."

"படிச்சுக் காட்டு."

"மாட்டேன்."

பாத்தீங்களா கொயுப்ப? எனக்குப் படிக்கத் தெரியாதுன்ற தைரியம். செல்வி சாயங்காலம் வருவா, ஆனா அவகிட்ட கேக்க மாட்டேன். கேட்டா இவ ஜெயிச்ச மாதிரி. நீங்க எனக்கு முன்ன படிப்பீங்க. அந்தப் பளாருக்கு அவ வரி ஒண்ணு இருந்தா இருக்கு. இல்லன்னா, அவ வூடு உங்களுக்குத் தெரியும், பச்ச கேட்டு, வாசல்ல முருங்க மரம். போயி கேளுங்க.

கடசில கட்டவெரல அமுக்குறேன். ரேகை வுயாது. மையி மட்டும் வுயும். அது நான்தான்.

(மேலே கோடிட்ட வரி அவர் சொன்னதுதான், மீன் நேற்றையதுதான். ஆனால் அதை நான் தெருவில் எறிந்திருக்கக் கூடாது. அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் எனக்கும் கேட்கிறது. இதை அவருக்கு நான் படித்துக் காட்ட மாட்டேன். – எழுதுபவர்.)